ஆணியில் மின்காந்தம்: 200 சுற்று, ஒரு செல்

கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். 1820-இல் டென்மார்க் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட் இதைத் திசைகாட்டி முள்ளின் அசைவில் கண்டார். ஒற்றைக் கம்பியின் புலம் மிகச் சிறியது. கம்பியைச் சுருளாக்கினால் சுற்றுகளின் புலங்கள் ஒன்றுசேரும். சுருளுக்குள் இரும்பை வைத்தால் அதுவும் காந்தமாகி, பலம் பல மடங்கு கூடும்.

தேவையானவை: 10 செ.மீ. நீளம், 5 மி.மீ. தடிமன் உள்ள இரும்பு ஆணி, எனாமல் பூசிய 28 கேஜ் செம்புக் கம்பி 5 மீட்டர், 1.5 வோல்ட் ஏஏ ஆல்கலைன் செல், ஹோல்டருடன். உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், குண்டூசிகள். ஆணியில் காந்தம் ஒட்டுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பல வகைகள் ஒட்டாது. அவை இதற்கு உதவாது.

1. ஆணியின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். கூரான விளிம்பு எனாமலைக் கீறினால் சுருள் ஆணி வழியே ஷார்ட் ஆகும்.

2. கம்பியின் முனையில் 15 செ.மீ. விட்டுவிட்டு, இடைவெளியின்றி 100 சுற்று சுற்றுங்கள். ஏறத்தாழ 4 செ.மீ. நீளம் வரும்.

3. அதன் மேலேயே திரும்பி வந்து இன்னும் 100 சுற்று. வலஞ்சுழியாகத் தொடங்கினால் வலஞ்சுழியாகவே முடிக்க வேண்டும். நடுவில் திசை மாறினால் இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கின் புலத்தை அழித்துவிடும்.

4. இரு முனைகளிலும் 2 செ.மீ. அளவுக்கு எனாமலை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். செம்பு எல்லாப் பக்கமும் பளிச்சென்று தெரிய வேண்டும். "வேலை செய்யவில்லை" என்பவர்களில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான்.

5. செல்லில் இணைத்து ஆணி நுனியைக் குண்டூசிகளுக்கு அருகே கொண்டுபோங்கள். ஒரு தடவைக்கு 5 விநாடி போதும். சுருள் சூடாகும், செல்லும் வேகமாகத் தீரும்.

பலத்தைத் தீர்மானிப்பது சுற்றுகளையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண். இந்தச் சுருளின் மின்தடை சுமார் 0.6 ஓம், புதிய செல்லில் ஏறத்தாழ 1.5 ஆம்பியர் ஓடும். 200 × 1.5 = 300 ஆம்பியர்-சுற்று. அதே கம்பியில் 400 சுற்று போட்டால் பலம் இரட்டிப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. கம்பி நீளும்போது மின்தடையும் கூடி, ஆம்பியர் குறைந்துவிடும். பலம் கொஞ்சம்தான் உயரும். ஆனால் சூடு குறையும், செல் நீடிக்கும், அது நல்ல லாபம். சதுர வடிவ 9 வோல்ட் பேட்டரியும் ஏமாற்றம்தான்: அதன் உள்தடை (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடை) அதிகம் என்பதால் போதிய ஆம்பியரைத் தொடர்ந்து தராது. லித்தியம் பேட்டரியையும் வீட்டு மின் இணைப்பையும் தொடவே வேண்டாம். முன்னது தீப்பிடிக்கலாம், பின்னது உயிரைப் பறிக்கும்.

மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஊசி ஒட்டியிருந்தால் ஆணி கடினமான எஃகு என்று பொருள். தேனிரும்பு காந்தத்தை உடனே விட்டுவிடும். ஆணிக்கும் தூக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு தாளை வைத்துப் பாருங்கள்; அந்த மெல்லிய இடைவெளிக்கே பிடி கணிசமாகத் தளரும்.

மின்சாரம் நின்றதும் சட்டென்று விடும் இந்தக் குணத்தில்தான் மின்காந்தத்தின் அருமை இருக்கிறது. பழைய இரும்பைத் தூக்கும் கிரேன் வேண்டிய இடத்தில் சுமையை விடுகிறது. காந்தக் கதவுப் பூட்டு மின்சாரம் போனதும் திறந்துகொள்வதால், தீ விபத்தில் உள்ளே இருப்பவர்கள் வெளியேற முடிகிறது. மின்மணியில் சுத்தியல் இழுபடும்போது இணைப்பு அறுகிறது, விலகும்போது மீண்டும் சேர்கிறது. அதனால்தான் விடாமல் அடிக்கிறது. ரிலேயில் சிறிய மின்னோட்டம் ஒரு சுவிட்சை இழுத்துப் பெரிய மோட்டாரை இயக்குகிறது.

அடுத்து ரிலேயை டிரான்சிஸ்டரால் (சுவிட்ச் போல வேலை செய்யும் மின்னணு உறுப்பு) இயக்கப் போகிறீர்கள் என்றால், ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடை (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) தலைகீழாக, அதாவது கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி இணையுங்கள். மின்னோட்டம் திடீரென நிற்கும்போது சுருளில் எழும் உயர் மின்னழுத்தம், டையோடு இல்லாவிட்டால் டிரான்சிஸ்டரைப் பொசுக்கிவிடும்.