டெயில்கேட் ட்ரெய்லர் கட்டுவது எப்படி: கனமான சாமான் எங்கே இருக்க வேண்டும்?

ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் பகல் 12 மணிக்கு என்றால், காலை எட்டு மணிக்கே பார்க்கிங்கில் அடுப்புப் புகை கிளம்பிவிடும். 1927இல் திறந்த மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். ஆட்டத்துக்கு முன்னால் அந்தக் கூட்டம் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, சமைத்து, சேர்ந்து சாப்பிடுவதுதான் டெயில்கேட். பக்கத்து ஊரான கேன்டனிலிருந்து போகும் நாங்கள் நான்கு நண்பர்கள், மூன்று சீசனாக, எஸ்யூவி டிக்கியில் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு போனோம். அப்புறம் ட்ரெய்லர் கட்டினோம். கட்டியதில் கற்றதை, முதல்முறை கட்டப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. ட்ரெய்லர் வாங்குவது

நாங்கள் வாங்கியது 6 அடிக்கு 12 அடி, மூடிய, ஒற்றை அச்சு ட்ரெய்லர், பழையதுதான். சாமானோடு சேர்த்து மொத்தம் 2,990 பவுண்டு வரை போகலாம் என்று முன்பக்கத் தகட்டில் இருக்கும். வாங்கும்போது பக்கவாட்டில், முன்பகுதியில், ஆள் நுழையும் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு ட்ரெய்லர் தேடுங்கள். காரணம் மூன்றாவது படியில் வரும்.

டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். புதிது வாங்கும்போது ட்ரெய்லருக்கென்று எஸ்டி (ST) முத்திரை போட்டதையே வாங்குங்கள்.

2. உள்வேலை

அலமாரிக்கு அரை இஞ்ச் ப்ளைவுட் போதும். நாங்கள் முதலில் முக்கால் இஞ்ச் வாங்கினோம். ஒரு முழுப் பலகையே எழுபது பவுண்டு பக்கம் வந்தது. உறுதி வேண்டுமென்றால் பலகையைத் தடிமனாக்காமல், பின்னால் சட்டம் கொடுங்கள். ஆணி வேண்டாம், ஸ்க்ரூவும் பசையும்தான். சாலையின் குலுக்கலில் ஆணி மெல்ல மெல்லக் கழன்று வந்துவிடும்.

3. எடை

இங்கேதான் எங்களுக்கு அடி விழுந்தது.

டெயில்கேட் என்றதும் எல்லாருக்கும் பின்கதவுதான் நினைவுக்கு வரும். நாங்களும் 36 இஞ்ச் தட்டைக்கல் அடுப்பு, ஜெனரேட்டர், ஐஸ் நிரப்பிய பெட்டி என்று கனமான எல்லாவற்றையும் பின்கதவு ஓரமாக வைத்தோம். எடுத்து வைக்க வசதி. முதல் பயணத்தில், எம்-14 நெடுஞ்சாலையின் ஓர் இறக்கத்தில், 60 மைல் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. முதலில் மெல்ல, பிறகு எஸ்யூவியின் பின்பக்கத்தையே இழுத்துக்கொண்டு, பக்கத்துத் தடத்தின் வெள்ளைக்கோடு வரை. பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார் நண்பர். ஆட்டம் அடங்கியது. உங்களுக்கு நேர்ந்தாலும் அதையே செய்யுங்கள். பிரேக்கை ஓங்கி மிதித்தால் ட்ரெய்லர் முன்வண்டியை மடக்கித் தள்ளிவிடலாம்.

சக்கர அச்சுக்குப் பின்னால் எடை கூடினால் ட்ரெய்லரின் மூக்கு, அதாவது வண்டியோடு பூட்டும் முன்முனை, லேசாகிவிடும். லேசான மூக்கு வண்டியோடு பதிந்து ஓடாது; சின்னக் காற்றுக்கும் பின்பக்கம் ஊசலாடும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில், அதாவது அதைப் பூட்ட வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தின் மேல், உட்கார வேண்டும்.

இதை அளக்க வீட்டில் ஆளை நிறுக்கும் தராசே போதும். ட்ரெய்லரில் எல்லாச் சாமானும் இருக்க வேண்டும். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஒரு கனமான சட்டத்தின் ஒரு முனையைச் செங்கல் மேலும், மறுமுனையைத் தராசின் மேலும் வையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி சரியாக மூன்றடி. செங்கல்லிலிருந்து ஓரடி தள்ளி, மூக்கை ஒரு சிறு கட்டையின் மேல் இறக்குங்கள். ட்ரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்கின் எடை. மூக்கை இறக்குவதற்கு முன் வெறும் சட்டத்துக்குத் தராசு காட்டுவதைப் பார்த்து, பெருக்குவதற்கு முன்பே கழித்துவிடுங்கள்.

எங்கள் தராசு காட்டியது 40. மூன்றால் பெருக்கினால் 120 பவுண்டு. ட்ரக் ஸ்டாப் எடைமேடையில் ட்ரெய்லரின் மொத்த எடை 2,400 வந்திருந்தது. அப்படியென்றால் வெறும் 5 சதவீதம்!

போட்ட அலமாரிகளைப் பிரித்து மறுபடி கட்டினோம். அடுப்பும் ஜெனரேட்டரும் அச்சுக்கு முன்னால், பக்கவாட்டுக் கதவை ஒட்டி. சமையலும் பரிமாறலும் இப்போது அந்தக் கதவு வழியாகத்தான். பின்பக்கம் நாற்காலியும் பந்தல் துணியும் மட்டும். ஐஸை ஊரிலிருந்து சுமப்பதில்லை, ஆன் ஆர்பர் போய் வாங்குகிறோம். தண்ணீரும் அப்படித்தான், ஒரு கேலன் எட்டு பவுண்டுக்கு மேல். இப்போது தராசு 97 காட்டுகிறது, மூக்கில் 291 பவுண்டு. 65 மைலில் போனாலும் அசைவில்லை.

உங்கள் வண்டியின் கொக்கி இவ்வளவு தாங்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. விளக்கு

நான்கு வயர். பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது, வெள்ளை எர்த். இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் மங்கி மங்கி எரிகிறதா? பல்பை மாற்றாதீர்கள், வெள்ளை வயரைப் பாருங்கள். மிச்சிகன் சாலைகளில் குளிர்காலத்தில் கொட்டும் உப்பு முதலில் தின்பது அந்த வயரை ட்ரெய்லர் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டைத்தான். பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

5. ஜெனரேட்டர், கேஸ்

சத்தம் குறைந்த இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்தான் வாங்குங்கள். கட்டட வேலைக்கான மலிவு மாடல் போடும் சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர் பேச முடியாது. எங்களிடம் இருப்பது ஹோண்டா இயூ2200ஐ. தொடர்ந்து 1,800 வாட் தரும், டிவிக்கும் பாட்டுக்கும் தாராளம். ட்ரெய்லருக்குள் வைத்து மட்டும் ஓட்டாதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். அடுப்பும் வெளியேதான். 20 பவுண்டு கேஸ் சிலிண்டரை மூக்குச் சட்டத்தின் மேல், வெளியே, நிமிர்த்தி மாட்டியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பற்றவைப்போம்.

காலை ஆட்டம் என்றால் கல்லில் ஒரு பக்கம் பிராட்வர்ஸ்ட் என்னும் ஜெர்மன் சாசேஜ், மறுபக்கம் முட்டை தோசை. மாவைக் குளிரில் விட்டால் கல்லில் ஒட்டும், அதனால் ஐஸ் இல்லாத பெட்டியில் துணி சுற்றி எடுத்துப்போகிறோம். மஞ்சள் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தட்டோடு வந்துவிடுகிறார். அவர் மனைவி செய்யும் சில்லி (காரமான இறைச்சிக் குழம்பு) எங்களுக்கு.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்த ஒருவர், நிறுத்திய இடத்தில் வண்டியைக் கழற்றியதும் இரண்டு பேர் பின்பக்கம் ஏற, மூக்கு மேலே எகிறிவிட்டது என்று எழுதியிருந்தார். நான் விட்டுவிட்ட படி அது. கழற்றுவதற்கு முன்பே பின்பக்க மூலைகள் இரண்டிலும் முட்டுக்கால் இறக்கிவிடுங்கள்.

இன்னொருவருக்குப் பந்து மாறிப்போயிருக்கிறது. மூக்கின் நுனியில் பந்தைக் கவ்வும் கப்ளர் இரண்டு இஞ்ச் என்றால், அதை 1 7/8 இஞ்ச் பந்தில் போட்டாலும் பூட்டியது போலவே தெரியும். பெரிய பள்ளத்தில் எகிறிக் கழன்றுவிடும். இரண்டிலும் அளவு பொறித்திருக்கும், படித்துப் பாருங்கள். பூட்டியதும் மூக்கிலுள்ள ஜாக்கியைச் சுற்றித் தூக்குங்கள். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழுந்தால் பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் மூக்கின் அடியில் குறுக்காக மாட்டுங்கள்.

சக்கர நட்டைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். சக்கரம் மாட்டி 50 மைல் ஓடியதும், எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரென்ச்சால் மறுபடி முடுக்க வேண்டும். எங்கள் டார்க் ரென்ச் பக்கவாட்டுக் கதவுக்குப் பின்னால், தோசைக்கரண்டிக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.