மாண்ட்ரியலுக்கு வேண்டிய பிரெஞ்சு: போனில் பேசுவதிலிருந்து தொடங்குங்கள்

மாண்ட்ரியலுக்கு வருகிற எவரிடமும் முதல் வாரத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார், "டவுன்டவுன்ல இங்கிலீஷ் போதும்" என்று. பொய் இல்லை. கடைக்குள் போனால் "போன்ஜூர்-ஹாய்" என்று இரண்டு மொழியிலும்தான் வரவேற்பார்கள். அந்த "ஹாய்" வேண்டாமே என்று 2017-இல் மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானமே போட்டது, ஹாய் இன்னும் போகவில்லை. ஆனால் காபி வாங்குவது வேறு, இந்த ஊரில் வேலையில் நிலைப்பது வேறு. இந்தப் பதிவு பிரெஞ்சில் ஒரு சொல்கூடத் தெரியாமல், ஆங்கிலம் ஓரளவு தெரிந்து, இங்கே வேலை செய்து வாழ நினைப்பவர்களுக்கு. இலக்கணம், வினைச்சொல் அட்டவணை எல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும், அதைத் தொடப் போவதில்லை.

படி 1: எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள்

கியூபெக் அரசு பிரெஞ்சுத் திறனை 12 நிலைகளாகப் பிரிக்கிறது. 1 முதல் 4 வரை தொடக்கம், 5 முதல் 8 வரை இடைநிலை, அதற்கு மேல் உயர்நிலை. குடியேற்ற விஷயத்தில் அடிக்கடி காதில் விழும் எண் 7, அதுவும் பேச்சிலும் கேட்டலிலும் (ஐரோப்பிய அளவுகோலில் ஏறக்குறைய பி2). எந்தத் திட்டத்துக்கு எந்த நிலை என்பது அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் அரசின் தளத்திலேயே பாருங்கள், வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள். நர்ஸ், இன்ஜினியர் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில் என்றால் அந்தத் தொழில் அமைப்பில் சேரவே பிரெஞ்சு வேண்டும்.

இன்னொன்று, 2022-இல் நிறைவேறிய, பிரெஞ்சு மொழிப் பயன்பாட்டை இறுக்கிய 96-ஆம் மசோதாவுக்குப் பிறகு, புதிதாக வந்தவர்களுக்கு அரசு அலுவலகங்கள் பொதுவாக முதல் ஆறு மாதம்தான் வேறு மொழியில் பதில் தரும். மருத்துவம், பாதுகாப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மற்றபடி ஆறு மாதம் கழித்து கடிதம் பிரெஞ்சில்தான் வரும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

படி 2: இன்றைக்கே பதிவு செய்யுங்கள்

ஃபிரான்ஸிஸாஸியோன் கியூபெக். 2023 ஜூன் முதல் அரசின் இலவச வகுப்புகளுக்கு இது ஒன்றுதான் வாசல். முழுநேரம், பகுதிநேரம், ஆன்லைன் என மூன்றும் உண்டு. காத்திருப்பு நீளலாம், 2024 இலையுதிர் காலத்தில் பணம் போதாமல் பல இடங்களில் வகுப்பையே மூடினார்கள். அதனால் வீடு கிடைக்கட்டும், குளிர் குறையட்டும் என்று தள்ளாமல் முதலில் வரிசையில் நில்லுங்கள். வகுப்பு வரும்வரை கீழே உள்ளதைச் செய்யலாம்.

படி 3: காதைப் பழக்குங்கள், நோட்டில் தமிழில் எழுதாதீர்கள்

நம்மவர்கள் எல்லோரும் செய்வது, பிரெஞ்சு வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வது. வேண்டவே வேண்டாம். மீனுக்கும் பானத்துக்கும் உள்ள சொற்கள் தமிழில் எழுதினால் இரண்டுமே "புவாஸோன்" ஆகிவிடும், பிரெஞ்சுக்காரர் காதில் அவை சம்பந்தமே இல்லாத இரண்டு ஒலிகள். "மேலே", "கீழே" இரண்டும் "தெஸு" ஆகிவிடும். கிடங்கில் வேலை செய்பவர் பெட்டியை எங்கே வைப்பது? வித்தியாசம் அந்த "உ"வில் இருக்கிறது. "கீழே"வுக்கு நம் சாதாரண உ போதும். "மேலே"வுக்கு, உதட்டை உ சொல்வதுபோல் குவித்துக்கொண்டு உள்ளே ஈ சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் செய்யுங்கள், வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. (இந்தப் பதிவில் நானே தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். வழிகாட்ட மட்டும்தான், ஒவ்வொன்றையும் ஒலியாகக் கேட்டுச் சரிபாருங்கள்.)

அடுத்தது கியூபெக் ஒலி. இங்கே த, ட போன்ற ஒலிகளுக்குப் பின்னால் இ-யோ அந்தக் குவித்த ஈ-யோ வந்தால் நடுவில் ஒரு "ஸ்" நுழையும். செவ்வாய்க்கிழமைக்குப் பாடத்தில் "மார்தி", தெருவில் "மார்த்ஸி". "நான் இருக்கிறேன்" என்பதற்குப் பாடத்தில் "ஜெ ஸுயி", தெருவில் வெறும் "ஷு". சாப்பாட்டு வேளைகளும் மாறும், பாரிஸில் "தினே" என்றால் இரவுச் சாப்பாடு, இங்கே மதியம். யாராவது தினேவுக்குக் கூப்பிட்டால் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவிகளில் என் கட்சி இது: டுவோலிங்கோ முதல் சில வாரங்களுக்கு ஓகே, அதற்குமேல் நேர விரயம். மௌரில் என்ற இலவச ஆப் இருக்கிறது, ரேடியோ-கனடாவின் நிகழ்ச்சிகளை வைத்தே சொல்லித்தருவது, நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். ஆங்கி (மனப்பாட அட்டை ஆப்) அட்டைகள் போடுவதென்றால் முன்பக்கம் ஒலி மட்டும், எழுத்து பின்பக்கம். காலையில் ரேடியோ-கனடாவின் 95.1 எஃப்எம் ஓடட்டும். செய்தி புரியாவிட்டால் போகட்டும், போக்குவரத்து அறிவிப்பைக் கேளுங்கள். டெக்காரி, டுர்கோ, ஷாம்ப்ளேன் பாலம் என்று தினமும் அதே இடங்கள், அதே நெரிசல், அதே வாக்கியங்கள். இதைவிட நல்ல தொடக்கப் பாடத்தை யாரும் எழுதவில்லை.

படி 4: போன்

என்னை ரொம்ப நாள் இழுத்தடித்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். நேரில் என்றால் கையைக் காட்டலாம், பாஸ்போர்ட்டை நீட்டலாம். கிளினிக், பள்ளி, வீட்டுக்காரர், வேலைக்கு ஆள் எடுப்பவர் எல்லோரும் போனில்தான் வருவார்கள், முதல் கேள்வியே உங்கள் பெயரும் எண்ணும்தான்.

முதலில் எழுத்துகள். ஆங்கில ஜி பிரெஞ்சில் "ஜே", ஆங்கில ஜே பிரெஞ்சில் "ஜி". அப்படியே தலைகீழ். ஆங்கில ஐ இங்கே "ஈ", அதை ஆங்கிலக் காது வேறு எழுத்தாக எழுதிக்கொள்ளும். ஆங்கில ஈ இங்கே உதடு குவித்த "எ". எச் என்பது "ஆஷ்", ஒய் என்பது "இக்ரெக்", டபிள்யூ "துப்ளவே". விஜயராகவன் என்று ஒருவர் இருந்தால் அவர் சொல்ல வேண்டியது: வே, ஈ, ஜி, ஆ, இக்ரெக், ஆ, எர், ஆ, ஜே, ஆ, வே, ஆ, என். உங்கள் பெயரை இப்படி ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்வரை சொல்லுங்கள். எம்-மும் என்-னும் குழம்பினால் "எம் கொம் மாரி, என் கொம் நிக்கோல்" என்று பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அடுத்து அஞ்சல் குறியீடு: மாண்ட்ரியல் முழுக்க ஆஷ்-ஷில் தொடங்கும், பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்தால் "ஆஷ் த்ருவா என்" என்று ஆரம்பியுங்கள்.

"நோம்" என்று கேட்டால் குடும்பப் பெயர், "ப்ரேநோம்" என்றால் உங்கள் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் ஏது, அப்பா பெயர்தானே. பாஸ்போர்ட்டில் எது எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு திறந்துவிடுவார்கள். (கியூபெக்கில் 1981 முதல் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த பெயரிலேயே இருப்பதுதான் சட்டம். கிளினிக்கில் மனைவியைக் கணவர் பெயரால் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.)

அப்புறம் எண்கள். 70-க்கு மேல் பிரெஞ்சு கணக்குப் போடச் சொல்லும்: 77 என்றால் அறுபதும் பதினேழும், 92 என்றால் நான்கு இருபதும் பன்னிரண்டும். "காத்ர" என்று கேட்டவுடனே கை 4 எழுதிவிடும், அதற்குள் "வேன் தூஸ்" வந்து அது 92 ஆகியிருக்கும். விதி எளிது: "காத்ர" (நான்கு), "ஸுவாஸான்த்" (அறுபது) இரண்டில் எதைக் கேட்டாலும் பேனாவைத் தூக்கிப் பிடியுங்கள், அடுத்த சொல் வந்த பிறகு எழுதுங்கள். அதுவும் முடியவில்லையா, இந்த வாக்கியம் ஒன்று போதும்: "ஷிஃப்ர பார் ஷிஃப்ர, ஸில் வூ ப்ளே." ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். இதற்கு யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை, இங்கே பிறந்தவர்களே போன் எண்ணை இப்படித்தான் சரிபார்க்கிறார்கள்.

படி 5: அவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவும்போது

நீங்கள் பாடுபட்டு ஒரு வாக்கியம் கட்டுவீர்கள், எதிரே இருப்பவர் உச்சரிப்பைக் கேட்டதும் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். உதவிதான் செய்கிறார், ஆனால் நம் பயிற்சி போச்சு. "எஸ் கோன் பெ கொன்தினுஏ ஆன் ஃபிரான்ஸே? ஜாப்ரான்." பிரெஞ்சிலேயே தொடரலாமா, கற்றுக்கொள்கிறேன் என்று. முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே மெதுவாகப் பேசுவார்கள். மதிய வேளையில் பின்னால் பத்துப் பேர் நிற்கும் வரிசையில் இதை முயற்சி செய்யாதீர்கள். செயின்ட்-லாரன்ட் வீதிக்குக் கிழக்கே போங்கள், ரோஸ்மான், ஹோஷலாகா பக்கம், கூட்டமில்லாத சாயங்காலம், ஒரு தெப்பனரில், அதாவது மூலைக்கடையில், பால் வாங்குங்கள்.

ஓசியில் நல்ல ஆசிரியர்கள் வேண்டுமென்றால், எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்து உணவகச் சமையலறைகளில் நின்ற அண்ணன்மாரைப் பிடியுங்கள். பிரெஞ்சில் ஒரு வரி எழுதத் திணறுகிறவர்கூட வசவு உட்படச் சரளமாகப் பேசுவார். நான் "ஷு"வைக் கற்றது அப்படி ஒருவரிடம்தான்.

படி 6: ஆபீஸ்

இதைச் சுருக்கமாக. சக ஊழியர்கள் சீக்கிரமே "த்யு", அதாவது "நீ"க்கு வந்துவிடுவார்கள், அதில் அவமரியாதை இல்லை, நீங்களும் அப்படியே பேசலாம். வாடிக்கையாளருக்கு மட்டும் எப்போதும் "வூ", அதாவது "நீங்கள்". கீபோர்டு பாரிஸ் மாதிரி இடம் மாறி இருக்காது, நமக்குப் பழகிய கீபோர்டில் பிரெஞ்சுக் குறிகள் சேர்த்தது, கனடா பிரெஞ்சு அமைப்பை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். மெயில் எழுத மாண்ட்ரியலிலேயே தயாராகும் அன்டிடோட் வாங்குங்கள், காசு போனாலும் பிழையைக் காட்டுவதோடு ஏன் பிழை என்றும் சொல்கிறது. சொல்லுக்கு உசிடோ அகராதி, இலவசம், கியூபெக் பயன்பாட்டையும் சேர்த்துச் சொல்வது.

பின்சேர்க்கை

சென்னையிலோ புதுச்சேரியிலோ அலியான்ஸ் ஃபிரான்ஸேஸில் படித்தது வீணா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை, இலக்கணம் ஒன்றுதான். காதுக்கு மட்டும் படி 3 போதும்.

குடியேற்றத்துக்கான பிரெஞ்சுத் தேர்வை எப்போது எழுதுவது என்று இன்னொரு கேள்வி. டெஃப், டிசிஎஃப் என்ற இரண்டு தேர்வுகளின் முடிவும் இரண்டு வருடம்தான் செல்லும், ஆர்வத்தில் வந்தவுடனே எழுதிப் பணத்தைக் கரைக்காதீர்கள், விண்ணப்பத்துக்குத் தேதி தெரிந்த பிறகு எழுதுங்கள்.

வாய்ஸ்மெயில் பற்றி நான் எழுதவே இல்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினார், சரிதான். எண்ணை இரண்டு முறை சொல்லுங்கள், முதலில் வழக்கம்போல், அடுத்து ஷிஃப்ர பார் ஷிஃப்ர.