மார்மன் சபையிலிருந்து நாத்திகத்துக்கு: கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை என்னும் மார்மன் சபையில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் மிகச் சில. ஆகவே, அதிலிருந்து விலக நினைப்பவருக்கு மனம்விட்டுப் பேச ஆள் கிடைப்பது அரிது. சபையை விடுவதும் கடவுள் நம்பிக்கையை விடுவதும் இரு வேறு வேலைகள் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். முன்னதை ஒரு கடிதத்தால் முடித்துவிடலாம். பின்னதற்கு உங்கள் அறிவு ஒப்பும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். சபையின் மேல் வந்த கோபத்தையே நாத்திகம் என்று எண்ணிக்கொள்பவர், கோபம் தணிந்ததும் வேறொரு சபையின் வாசலில் போய் நிற்க நேரிடும்.

ஆராய வேண்டியவற்றுள் தலையாயது ‘சாட்சி’. சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தைப் படித்து, அது மெய்யா என்று உள்ளன்போடு ஜெபித்தால் பரிசுத்த ஆவியானவர் நெஞ்சில் உணர்த்துவார் என்று ஊழியர்கள் கற்பிக்கிறார்கள். அந்த உணர்வு உங்களுக்கு உண்மையாகவே வந்திருக்கலாம். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் திருவந்திபுரத்தில் முடி காணிக்கை செலுத்திவிட்டுத் தேவநாதப் பெருமாள் முன் நிற்பவருக்கும், வில்லியனூர் மாதாவின் தேருக்குப் பின்னால் நடப்பவருக்கும், மயிலத்தில் காவடி எடுப்பவருக்கும் அதே கண்ணீரும் அதே சிலிர்ப்பும் உண்டாகின்றன. தம்முள் முரண்படும் நம்பிக்கைகள் அனைத்துக்கும் ஒரே உணர்வு சாட்சி சொல்லுமானால், அவற்றுள் எது மெய் என்று அந்த உணர்வைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. மற்ற வாதங்களுக்குப் போகும் முன் இந்த ஒன்றிலேயே நெடுநேரம் தங்கியிருங்கள். விடுதலை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது வரலாறு. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1835இல் எகிப்திய மம்மிகளோடு வந்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களைப் பெற்று, அவற்றில் பைபிளில் வரும் ஆபிரகாமின் எழுத்து இருப்பதாகச் சொல்லி மொழிபெயர்ப்பு ஒன்றை வெளியிட்டார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருந்த அவற்றின் துண்டுகள் 1967இல் சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. எகிப்தியவியல் அறிஞர்கள் படித்தபோது அவை இறந்தோருக்கான வழக்கமான ஈமச் சடங்கு ஏடுகள் எனத் தெரிந்தது. எஞ்சிய துண்டுகளின் எழுத்துகள் அந்த மொழிபெயர்ப்போடு பொருந்தவில்லை என்பதைச் சபையின் சொந்தக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சபையில் சடங்குகளை நடத்தும் குருத்துவ உரிமை, 1978 வரை மறுக்கப்பட்டதையும் படியுங்கள். பிறப்பைக் காட்டிக் கருவறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழிவந்த நமக்கு அந்தத் தடையின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சபையை அளந்த அதே அளவுகோலால் பைபிளையும், நம் தெருக் கோயிலையும், கடவுள் என்னும் கருத்தையும் அளந்து பாருங்கள். அளந்த பிறகும் சான்று கிடைக்கவில்லை என்றால் நீங்கள் நாத்திகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள். இந்த மண்ணுக்கு அது புதிதன்று. புதுச்சேரியில் பிறந்த பாரதிதாசன் மயிலம் முருகன் மேல் பக்திப் பாடல்கள் எழுதியவர். பின்னர் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தால் ஈர்க்கப்பட்டு நாத்திகரானார்.

பெயரை நீக்குவதற்கு, முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, தெரிந்தால் உறுப்பினர் எண் ஆகியவற்றோடு, உறுப்பினர் நிலையிலிருந்து விலகுவதாகத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டு, உங்கள் ஊர்ச் சபையை நடத்தும் பிஷப்பிடமோ கிளைத் தலைவரிடமோ கொடுங்கள். அவரைச் சந்திக்க விரும்பாவிட்டால், நோட்டரி வழக்கறிஞரிடம் சான்றொப்பம் பெற்று, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியிலுள்ள சபைத் தலைமையகத்தின் பதிவேட்டுப் பிரிவுக்கு அனுப்பலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டாரிடம் சொல்வதுதான் கடினம். குடும்பம் ஆலயத்தில் முத்திரிக்கப்பட்டு நித்தியத்துக்கும் ஒன்றாக இருக்கும் என்று நம்பும் தாய்க்கு, நீங்கள் விலகுவது மறுமையிலும் பிள்ளையை இழப்பதாகவே படும். “அம்மா, உங்களை விட்டு நான் எங்கும் போகவில்லை, நம்பாததை நம்புவதாகச் சொல்ல மட்டும் என்னால் முடியவில்லை” என்பது போதும், ஆபிரகாம் சுருளை அவரிடம் எடுத்துச் செல்லாதீர்கள். படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் பெற்றோரை நம்பியிருக்கும் மாணவர், சொந்தச் சம்பாத்தியம் வரும்வரை காத்திருப்பது கோழைத்தனமாகாது. சபை விலக்கிய டீயையும் காபியையும் அவர்கள் கண்முன் குடித்துக் காட்டுவதால் எதுவும் நிரூபணமாகாது. தசமபாகத்தை மட்டும் உடனே நிறுத்திவிடலாம். நம்பாத ஒன்றுக்கு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துக்கொண்டே இருப்பது உங்களுக்கும் நேர்மையன்று.

திருமணத்துக்குச் சிறப்புத் திருமணச் சட்டம், 1954 வழி திறந்திருக்கிறது; 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும். சுயமரியாதைத் திருமணத்துக்கான சட்டப்பிரிவு இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருவதால், கிறிஸ்தவராகப் பதிவானவர்கள் அதை நம்பி இறங்க வேண்டாம். திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 2019இல் பெற்றதைப் போன்ற ‘சாதி மதம் அற்றவர்’ சான்றிதழை விரும்புவோர், விண்ணப்பிக்கும் முன் தங்கள் இடஒதுக்கீட்டு உரிமை என்னவாகும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதுச்சேரி தனி ஒன்றியப் பிரதேசம் என்பதால், கடலூரில் கிடைக்கும் பதில் அங்கே அப்படியே பொருந்தாமல் போகலாம்.