ஈரத்துணி காட்டிய பொய்

என்னுடைய 1984 அம்பாசடர் மார்க் 4, ஏற்காட்டு மலைப்பாதையின் ஏழாவது கொண்டை ஊசி வளைவில் திணறி நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து ஒன்றும் தெரியாதது போலக் கிளம்பும். சமதரையில் ஒரு குறையும் இல்லை.

பார்த்தவர்கள் எல்லோரும் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிறது என்றார்கள். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப் குளிரட்டும் என்று அதன் மேல் ஈரத்துணி போட்டேன், வண்டி கிளம்பியது. அதை நம்பித்தான் ஆறு நாள் வீணானது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மாற்றினேன், புது பம்பும் வாங்கினேன். வண்டி அதே வளைவில் நின்றது.

ஏழாம் நாள் இன்ஜின் ஓடும்போதே, டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் குழாயைத் தொட்டேன். சப்பையாகிக் கிடந்தது. முந்தைய உரிமையாளர் போட்ட ஏதோ தண்ணீர்க் குழாய் அது. கழற்றி பம்ப் பக்கமிருந்து ஊதினால் காற்று போனது, உறிஞ்சினால் அடைத்தது. பிளேடால் நீளவாக்கில் கீறியதும் காரணம் தெரிந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி உள்தோல் உரிந்து, நாக்கு மாதிரி தொங்கியது. மேட்டில் பம்ப் வேகமாக உறிஞ்சும்போது அந்த நாக்கு வழியை மூடியது, நிறுத்தினால் தளர்ந்தது. ஈரத்துணிக்கு இதில் பங்கே இல்லை, காத்திருந்ததுதான் வேலை செய்திருக்கிறது.

எத்தனால் தாங்கும் பெட்ரோல் குழாய் அரை மீட்டர், புது கிளிப் இரண்டு. மறுநாள் 20 வளைவும் நிற்காமல் ஏறினேன். பழைய பம்பையே திரும்ப மாட்டிவிட்டேன். அதில் ஒரு கோளாறும் இல்லை.