முதுகு வலியும் சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்திருந்தால் குறிப்பேடு எழுதுவது எப்படி?

கீழ்முதுகு வலி 12 வாரங்களைத் தாண்டி நீடித்தால் மருத்துவ ஆய்வுகள் அதை நாட்பட்ட வலி என்று வகைப்படுத்துகின்றன. அந்த வலியோடு அடிக்கடி சிறுநீர் முட்டுவதும், இருமினால் கசிவதும் சேர்ந்துகொண்டால், முதுகுக்கு ஒரு மருத்துவர், சிறுநீருக்கு இன்னொருவர் என்று அலைகிறோம். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பவர் யாருமில்லை. அந்தக் குறையை ஓரளவு தீர்க்க ஒரு சின்ன நோட்டும் அளவுக் குவளையும் போதும்.

ஆனால், சிறுநீர் திடீரென வர மறுத்தாலோ, சிறுநீர்ப்பை நிறைந்த உணர்வே இல்லாமல் போனாலோ, உட்காருமிடமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனாலோ, இரு கால்களும் வலுவிழந்தாலோ நோட்டை மூடிவிட்டு உடனே அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். தண்டுவடத்தின் அடியில் குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக்கொத்து நசுங்குவதன் அறிகுறிகள் இவை. குளிர் காய்ச்சலோடு விலாவுக்குக் கீழே வலித்தால், அது சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குறைந்தது 3 நாட்கள் எழுதுங்கள். வேலை நாளும் ஓய்வு நாளும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் நேரம், மில்லிலிட்டரில் அளவு, முட்டியதன் தீவிரம், கசிவு, குடித்த பானம் ஆகியவற்றை ஒரே வரியில் குறித்துவிட்டு, அதே வரியின் இறுதியில் முதுகு வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். வழக்கமான சிறுநீர்க் குறிப்பேட்டில் இந்தக் கடைசிக் கட்டம் இருக்காது; இங்கே நமக்கு முக்கியமானது அதுதான்.

இரவு வரிகளில் கூடுதல் கவனம் தேவை. ‘அதிகாலை 3.10, 90 மி.லி., வலி 7’ என்று ஒரு வரி இருந்தால், உறக்கத்தைக் கலைத்தது பெரும்பாலும் முதுகுதான். விழித்ததால் எழுந்து போயிருக்கிறீர்கள். ‘3.10, 420 மி.லி., வலி 2’ என்றால் எழுப்பியது நிறைந்த பைதான். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆனால் ‘இரவில் மூன்று முறை எழுகிறேன்’ என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. பை நிறைய நிறைய வலி கூடி, கழித்ததும் தணிகிறது என்று எண்கள் காட்டினால் அதையும் அடிக்கோடிட்டு வையுங்கள். சிறுநீர்ப்பை வலி நோய்க்குறியில் காணப்படும் போக்கு அது.

மருந்துகளையும் தொடங்கிய தேதியோடு எழுதுங்கள். ஓபியாய்டு வகை (அபினைப் போல் செயல்படும்) வலிநிவாரணிகள் சிறுநீரைத் தேக்கக்கூடும். மலச்சிக்கலையும் உண்டாக்கும், அந்தச் சிக்கலே பையை மேலும் தொந்தரவு செய்யும். நாட்பட்ட வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலினும் சிலருக்குச் சிறுநீரைத் தடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சிறுநீர்ப்பை வலிக்கும் அதே மருந்தைத் தருவதுண்டு. எதையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

ஆய்வுகளைத் தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பின் 2, 3, 4ஆம் நரம்புகள் சிறுநீர்ப்பையை ஆள்வதால் இரு தொல்லைகளுக்கும் தொடர்பிருக்க வாய்ப்புண்டு. முதுகு வலியுள்ள பெண்களிடையே கசிவு அதிகம் காணப்படுவதாகப் பல கணக்கெடுப்புகளும் சொல்கின்றன. ஆனால் ஒரே சமயத்தில் கேள்வி கேட்டு எடுத்த கணக்கெடுப்பு எது முதலில் வந்தது என்பதைக் காட்டாது. எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் அப்படியே நம்பிப் பதற வேண்டியதில்லை: 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, முதுகு வலியே இல்லாதவர்களில் 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் (டிஸ்க்) தேய்மானம் இருப்பதாக மதிப்பிட்டது.

குறிப்பேட்டை இரு மருத்துவர்களிடமும் காட்டி, சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேன் மூலம் அளக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். வலியில்லாத அந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.