அமெரிக்காவில் மனை வாங்குகிறவர்கள் ஈரநிலத்தில் கோட்டை விடும் இடங்கள்

காலி மனையை ஆகஸ்டில் போய்ப் பார்ப்பார்கள். கால் நனையாது. 'இது எங்கே ஈரநிலம்?' என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். முதல் தவறு இதுதான்.

ஈரநிலத்தில் மண் கொட்ட வேண்டுமானால் அனுமதி வேண்டும். ஃபெடரல் சுத்தமான நீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவின்படி அதைத் தருவது பெரும்பாலும் ராணுவப் பொறியாளர் படை. தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை. தங்கள் 1987ஆம் ஆண்டுக் கையேட்டை வைத்து மண், செடிகொடி, நீர் நின்ற தடயம் மூன்றையும் பார்ப்பார்கள். ஒரு முழத்துக்குக் குழி தோண்டி, மண்கட்டியை மண்ணின் நிறங்களை வரிசைப்படுத்திய மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. சாம்பல் நிற மண்ணில் துருக்கறை மாதிரித் திட்டுகள் இருந்தால், அது நீர் கோத்துக் காற்றுப் புகாமல் கிடந்த மண். கோடையில் காய்ந்தாலும் அந்த நிறம் போகாது.

இணையத்தில் கிடைக்கும் தேசிய ஈரநில வரைபடத்தில் மனை வெறுமையாகத் தெரிந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். அது பெரும்பாலும் வான்படங்களைப் பார்த்து வரைந்தது, சட்ட எல்லை அல்ல. மர நிழலில் மறைந்த ஈரநிலம் அதில் விட்டுப்போகும்.

அப்புறம், 'சாக்கெட் தீர்ப்பு வந்தாச்சு, இனிக் கவலையில்லை' என்ற பேச்சு. சாக்கெட் என்பது இடாஹோ மாநிலத்தில் பிரீஸ்ட் ஏரி அருகே 2004இல் மனை வாங்கிய ஒரு தம்பதியின் பெயர். 2007இல் வீடு கட்ட மண்ணும் கல்லும் கொட்டினார்கள். கொட்டியதை அள்ளச் சொல்லிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடமிருந்து உத்தரவு வந்தது. மீறினால் நாளொன்றுக்கு 40,000 டாலருக்கு மேல் அபராதம். உத்தரவை எதிர்த்து வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2012இல்தான். ஆறு, ஏரி போன்ற நீர்நிலையோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்த ஈரநிலம் மட்டுமே ஃபெடரல் சட்டத்துக்குள் வரும் என்று 2023இல் தீர்ப்பானது. ஜெயித்தார்கள், சரி, பதினாறு வருஷம் யாரால் காத்திருக்க முடியும்?

அந்தத் தீர்ப்பு மாநிலச் சட்டங்களைத் தொடவும் இல்லை. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் நியூஜெர்சியில் 1987 முதலே தனிச் சட்டம் உண்டு. ஈரநிலத்தின் தரத்தைப் பொறுத்து, அதைச் சுற்றி 50 அடியோ 150 அடியோ கட்டாமல் விட வேண்டியிருக்கும். அரை ஏக்கர் சதுர மனைக்கு ஒரு பக்கமே ஏறக்குறைய 147 அடிதான். பக்கத்து மனையின் ஈரநிலம் உங்கள் மனை முழுவதையும் விழுங்கிவிடலாம்.

'கொஞ்சம் மேடாக்கிக்கொள்வோம்' என்று அனுமதிக்கு முன்பே ஒரு லோடு மண் அடிப்பதும் வேண்டாம். 404 முக்கியமாகப் பிடிப்பதே மண் கொட்டுவதைத்தான். வீடுகளுக்கான 29ஆம் எண் பொது அனுமதி அரை ஏக்கர் ஈரநில இழப்பு வரைதான். அதற்கு மேலே போனால் தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்குக் காலமும் காசும் கூடுதல்.

ஈரநில ஆய்வு முடிந்து பாதகமாக வந்தால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மனையில் எது ஃபெடரல் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லும் பொறியாளர் படையின் எல்லைத் தீர்மானக் கடிதத்தை விற்பவர் நீட்டினால் தேதியைப் பாருங்கள். பொதுவாக அது 5 வருஷத்துக்குத்தான் செல்லும்.