ரப்பர் புழுவுக்கு எந்த முள்? பாஸ் தூண்டில் பழகுபவர்களுக்கு ஒரு செய்முறை

கவ்வியது நன்றாகவே தெரிந்தது. தூண்டில் நரம்பு ஒரு பக்கமாக நகர ஆரம்பித்ததும் ராடைச் சுண்டி இழுத்தேன். ஒரு கணம் பாரம், அப்புறம் ஒன்றுமில்லை. முள்ளின் வளைவுக்குள் சுருண்டு அடைத்துக்கொண்ட ரப்பர் இரை மட்டும் திரும்பி வந்தது. ஒரே காலையில் நான்கு பாஸ் மீன்கள் இப்படிப் போயின. நரம்பைத் திட்டினேன், ராடைத் திட்டினேன். தப்பு முள்ளில் இருந்தது. கட்டைவிரல் தடிமன் இருந்த இரைக்கு, ஒல்லிப் புழுவுக்கான முள்ளைப் போட்டிருந்தேன்.

ரப்பர் புழு என்று நாம் சொல்லும் சாஃப்ட் பிளாஸ்டிக் இரையை 1949இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் உருவாக்கினார். முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாசியிலும் மூழ்கிய கிளையிலும் மாட்டிக்கொண்டே இருக்கும். அதனால் நுனியைப் புழுவின் உடம்புக்குள் ஒளித்துவைக்கும் முறை பின்னால் வந்தது. டெக்சஸ் ரிக் என்பது அதுதான். செடியில் மாட்டாது, சரி. ஆனால் மீனின் வாய்க்கும் நுனிக்கும் நடுவே இப்போது பிளாஸ்டிக் நிற்கிறது. நீங்கள் சுண்டி இழுக்கும் நொடியில் அது எங்கே ஒதுங்கும்? முள் தேர்வில் பாதி இந்தக் கேள்விதான்.

படி 1: எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1க்கு அப்புறம் கணக்கு தலைகீழ்: 1/0, 2/0, 3/0 என்று ஏற ஏறப் பெரிதாகும். ஆகவே 1ஐவிட 1/0 பெரியது. ஒரு கம்பெனியின் 3/0வும் இன்னொரு கம்பெனியின் 3/0வும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எண்ணைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: தடிமனைப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் புழுவின் நீளத்தை வைத்து முள் வாங்குவார்கள். நான் முதலில் பார்ப்பது தடிமன். முள்ளின் தண்டுக்கும் நுனிக்கும் இடையே உள்ள அகலத்தை கேப் என்பார்கள். இரையை முள்ளின் மேல் குறுக்காக வைத்துப் பாருங்கள். இரையின் தடிமன் போக, ஏறக்குறைய அதே அளவு கேப் மிச்சம் இருக்க வேண்டும். சுண்டும்போது பிளாஸ்டிக் நசுங்கி வளைவுக்குள் இறங்கும். அது இறங்கிய பிறகும் நுனிக்கு வெளியே வர இடம் வேண்டுமே. இரையை விரலால் அழுத்தியும் பாருங்கள். மெத்தென்று இருந்தால் சற்றுக் குறைந்த கேப் போதும். கெட்டியாக இருந்தால் ஒரு அளவு கூட்டுங்கள்.

படி 3: வடிவம்

கழுத்தில் இசட் போல ஒரு மடிப்போடு வருவது ஆஃப்செட் முள். அந்த மடிப்புதான் புழுவின் தலையைக் கீழே நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. இதில் வளைவு சாதாரண வட்டமாக இருப்பது ஒல்லிப் புழுக்களுக்கு. வளைவு நன்றாக விரிந்து, நுனி காதுக்கு (நரம்பு கட்டும் வளையத்துக்கு) நேராக நிற்பது ஈ.டபிள்யூ.ஜி, அதாவது எக்ஸ்ட்ரா வைட் கேப்; தடித்த இரை, உள்ளே கூடான குழாய் போன்ற ட்யூப், கால்களும் கொடுக்கும் வைத்த நண்டு மாதிரி இரைகளுக்கு இது. அந்தக் காலையில் என்னிடம் இருந்திருக்க வேண்டியதும் இதுதான். மடிப்பே இல்லாத நேர்த்தண்டு முள், அடர்ந்த செடிக்குள் தடித்த நரம்போடு போடுபவர்களுக்கானது. தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம்.

படி 4: நீளம்

இப்போது நீளத்துக்கு வரலாம். 4 அங்குலப் புழுவுக்கு 1/0 அல்லது 2/0. 6, 7 அங்குலத்துக்கு 3/0 அல்லது 4/0. 10 அங்குலத்துக்கு 5/0. குச்சி மாதிரி நேராக இருக்கும் 5 அங்குல ஸ்டிக் இரை நீளத்தில் குட்டை என்றாலும் உடம்பு தடித்தது, அதனால் 3/0 அல்லது 4/0 ஈ.டபிள்யூ.ஜி கேட்கும். முள்ளைப் புழுவின் பக்கத்தில் வைத்தால் வளைவு, தலையிலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கில் வர வேண்டும். பாதியைத் தாண்டினால் வால் விறைத்துப்போகும், நெளியாது.

படி 5: கம்பியின் கனம்

ஸ்பின்னிங் ராடும் 8 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பும் என்றால் மெல்லிய கம்பி. கனத்த கம்பியைக் குத்தி இறக்க அந்த ராடுக்குப் பலம் போதாது. விறைப்பான ராடும் 50 பவுண்டு பிரெய்டும் (பின்னல் நரம்பு) என்றால் கனத்த கம்பி. மெல்லியதைப் போட்டால் பெரிய மீன் இழுக்கும்போது முள் நிமிர்ந்துவிடும்.

படி 6: கோத்துப் பாருங்கள்

முள் சரியா என்பது கோக்கும்போதுதான் உறுதியாகும். நுனியைப் புழுத் தலையின் நேர் நடுவில் குத்துங்கள். 5, 6 மில்லிமீட்டர் உள்ளே போனதும் அடிப்பக்கமாக வெளியே எடுங்கள். முள்ளை அப்படியே இழுத்து, கழுத்து மடிப்பு தலைக்குள் உட்காரும்வரை கொண்டுவாருங்கள். அரைச் சுற்று திருப்பினால் நுனி புழுவைப் பார்க்கும். இப்போது புழுவைத் தொங்கவிட்டு, வளைவின் அடி எங்கே படுகிறதோ அங்கே நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். புழுவைக் கொஞ்சம் வளைத்து, அந்தக் கீறலில் நேராகக் குத்தி முதுகுப் பக்கம் நுனியை எடுங்கள். அப்புறம் நுனிமேல் தோலை மட்டும் லேசாக ஏற்றி மூடுங்கள். புழு நூல் பிடித்தாற்போல் நேராகத் தொங்க வேண்டும். கொஞ்சம் கூனினாலும் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும். சோம்பல் பார்க்காமல் பிரித்து மறுபடி கோத்துவிடுங்கள்.

நுனியை ஒளிக்காத முறைகளுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். ஸ்டிக் இரையை நடுவில் குறுக்காகக் குத்தும் வாக்கி ரிக்குக்கு 1 அல்லது 1/0 போதும்; ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி அதில் குத்தினால் இரை சீக்கிரம் கிழியாது. ஈயம் கீழே, முள் மேலே இருக்கும் டிராப் ஷாட்டுக்கு 2 அல்லது 1. சின்ன இரையின் மூக்கில் குத்தினால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிக் குவிக்காதீர்கள். 3/0 ஆஃப்செட், 4/0 ஈ.டபிள்யூ.ஜி, வாக்கிக்கு 1/0: இந்த மூன்று பாக்கெட் ஒரு சீசனுக்குத் தாங்கும்.

முடிச்சுப் போடுவதற்கு முன் இரண்டு விஷயம். காதின் வளையம் முழுவதும் மூடியிருக்கிறதா பாருங்கள். சிறு இடுக்கு இருந்தாலும் மெல்லிய பிரெய்டு அதன் வழியே நழுவிவிடும். அடுத்து, நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் அழுத்தாமல் இழுங்கள். பிடித்து நின்றால் கூர்மை இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் அந்த முள்ளைத் தனியாகப் போட்டுவிட்டுப் புதியதை எடுங்கள். பாறையில் உரசிவந்த ஒவ்வொரு முறையும் இதை ஒருமுறை செய்து பார்ப்பேன்.